வாயால் சொன்ன விலை

மாட்டுச் சந்தையில் மாட்டைக் காட்டி விலையை மறைப்பார்கள். கருத்தரங்கத்தில் மற்றதையெல்லாம் காட்டிவிட்டுக் கருத்தை மறைத்துவிடுவார்கள்.

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியின் ஏசி அரங்கத்தில், ‘ஒப்பந்தமும் அறமும்’ என்ற தேசிய மெய்யியல் கருத்தரங்கம் காலையில் தொடங்கியது. தொடங்கி வெகுநேரம் வரை மேடையேறியவை பொன்னாடைகள்தான். விளக்கு ஏற்றியவருக்குப் பொன்னாடை. விளக்குக்குத் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தவருக்குப் பொன்னாடை. வரவேற்றவரை வரவேற்றவருக்கு ஒரு பொன்னாடை. படத்தில் கண்ணை மூடிவிட்டார் என்று போட்டோக்காரர் முகம் சுளித்ததால், ஒருவருக்குப் போர்த்தியதைக் கழற்றி மறுபடியும் போர்த்தினார்கள்.

கடைசி வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமிதுரை, தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தார்.

“ஏம் புள்ள, இத்தனை துண்டு போட்டும் ஒரு மாடுகூடக் கைமாறலியே?”

“சும்மா இருப்பா. இனிமேதான் பேச்சு ஆரம்பிக்கும்.”

“அப்ப இவ்வளவு நேரம் நடந்தது?”

“வரவேற்பு.”

“சம்பந்தி வூட்டுக்காரங்களக்கூட நாம இவ்வளவு நேரம் வாசல்ல நிக்க வெச்சதில்ல.”

மலர்க்கொடி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவளுக்கு இன்று சிரிப்பதற்கு நேரமில்லை. அரியலூரில் ஒரு கலைக் கல்லூரியில் அவளுக்கு வேலை. தத்துவத்தில் முனைவர் பட்டம். அந்தக் கல்லூரியில் தத்துவத்துக்குத் துறை கிடையாது என்பதால், எல்லாத் துறைப் பிள்ளைகளுக்கும் விழுமியக் கல்வி என்ற பாடத்தை நடத்துகிறாள். பிள்ளைகள் அந்த வகுப்பில் அடுத்த வகுப்பின் வீட்டுப்பாடத்தை எழுதுவார்கள். “கறவை மாட்ட வாங்கிக் கெணத்துல கவலை இறைக்க விட்டிருக்கானுவ” என்பது இதைப் பற்றி அவள் அப்பாவின் கருத்து.

சாமிதுரை மாட்டுத் தரகர். வயதானதால் இப்போது சந்தைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார், பேச்சைக் குறைக்கவில்லை. காலையில் பதிவு செய்யும் மேசையில் ஒரு மாணவி “எந்த யுனிவர்சிட்டிங்க சார்?” என்று கேட்டாள். “விக்கிரமங்கலம்” என்றார் அவர், ஊரைக் கேட்கிறாள் என்று எண்ணி. இப்போது அவர் கழுத்தில் ‘பேரா. சாமிதுரை, விக்கிரமங்கலம் பல்கலைக்கழகம்’ என்று அட்டை தொங்கியது. இரண்டு பேர் ஏற்கெனவே அவரிடம் வந்து முகவரி அட்டை கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மகள் அவரைக் கூட்டி வந்ததற்குக் காரணம் இருந்தது. இன்று அவள் வாசிக்கப்போகும் கட்டுரையின் பெயர் ‘துண்டும் திரையும்’. அதில் வரும் துண்டு அப்பாவுடையது.

சந்தையில் விலை பேசுவது வாயால் அல்ல, கையால். விற்பவரும் தரகரும் ஒரு துண்டுக்குள் கைகளை விட்டுக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, கணுவை அழுத்தினால் ஒரு கணக்கு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் இன்னொரு கணக்கு. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் முகம் அசையக்கூடாது. சுற்றி ஊரே நின்றாலும் விலை அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். பேரத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் ஏறலாம், யாருக்கும் தெரியாமல் இறங்கலாம். விலை இறங்கினாலும் மீசை இறங்காது. “தரகு இல்லாம முடிஞ்ச மாடு திருமழபாடி நந்தி ஒண்ணுதான். அதுக்கும் வருசா வருசம் நடக்குற கல்யாணத்தப் பேசி முடிச்சவன் ஒருத்தன் இருந்திருப்பான்” என்பார் சாமிதுரை.

அவர் தொழிலுக்கு இறங்கிய காலத்தில், ஊர்த்தெருக்காரர்கள் சிலர் அவருடைய துண்டுக்குள் மட்டும் கை விடமாட்டார்கள். காலனிக்காரர் கை. திருச்சிப் பக்கத்து வியாபாரிகள் அவரைத் தேடித்தான் வருவார்கள் என்பதால் அவர் வேண்டும். அவர் கைதான் வேண்டாம். அவர் துண்டை நீட்டினால், அதைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு, விலையை வாயால் சொல்வார்கள். சந்தை முழுக்கக் கேட்கும். ஊர் கேட்கச் சொன்ன விலையிலிருந்து எந்த மனிதன் இறங்குவான்? இறங்கினால் மானம் போகுமே! ஆக, மற்றத் தரகர்கள் பேரம் பேசினார்கள். சாமிதுரை விலை கேட்டுக்கொண்டார். “சரிங்க” என்று சொல்லலாம். இல்லையென்றால் நடையைக் கட்டலாம்.

மலர்க்கொடியின் கேள்வி இதுதான்: எதிரே நிற்பவனைப் பேரம் பேசத் தகுந்த ஆளென்று ஒப்புக்கொள்ளாமல், அவனோடு போட்டதாகச் சொல்லும் ஒப்பந்தம் ஒப்பந்தமாகுமா? கை தொடாமல் உடன்பாடு உண்டா?

இந்தக் கேள்வியை இந்த அரங்கத்தில், மைக்கில், அப்பாவின் காதில் விழும்படி கேட்டுவிட வேண்டும். வேறு எதற்காகவும் அவள் வரவில்லை. சான்றிதழ்தான் வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்த ஜெராக்ஸ் கடையிலும் அழகாக அடித்துத் தருவார்கள். அழைப்பிதழில் அவள் பெயருக்கு நேரே இருபது நிமிடம் என்று போட்டிருந்தது.

ஆனால் போன வாரம் கருத்தரங்கச் செயலாளர் தமிழழகன் போன் செய்திருந்தார். கருத்தரங்கம் நடத்தும் கல்லூரியில் தமிழ்த் துறைப் பேராசிரியர். யார் மனமும் நோகாமல் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று தவிக்கும் நல்ல மனிதர்.

“மேடம், கட்டுரை பிரமாதம். ஒரு சின்னத் திருத்தம். காலனி, ஊர்த்தெருன்னு வருது பாருங்க, அத மட்டும் ‘சில சமூகச் சூழல்கள்’னு போட்டுக்கலாமா?”

“மாட்ட ‘சில நாலுகால் சூழல்கள்’னு போட்டுக்கலாமா சார்?”

தமிழழகன் சிரித்தார். அந்தச் சிரிப்பு தொண்டையைத் தாண்டவில்லை.

ஒருவழியாகப் பொன்னாடைகள் தீர்ந்து, சென்னையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் மணிமாறன் சிறப்புரைக்கு எழுந்தார். வெள்ளைத் தாடி, தெளிவான குரல். நன்றாகவே பேசினார். நாம் யாருமே கையெழுத்துப் போடாத ஒப்பந்தம் ஒன்றுக்குள்தான் பிறந்து வாழ்கிறோம் என்றார். அது நியாயமானதா என்று எப்படிச் சோதிப்பது? எல்லோரையும் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார வையுங்கள். தான் ஆணா பெண்ணா, இருப்பவனா இல்லாதவனா, எந்தத் தெருக்காரன் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. அந்த நிலையில் அவர்கள் வகுக்கும் விதி எதுவோ அதுவே நியாயமான விதி.

“நல்ல ரோசனைதான்” என்றார் சாமிதுரை. “திரைய யாரு புடிச்சிக்கிட்டு நிப்பா?”

“அதையேதான்ப்பா நானும் எழுதியிருக்கேன்.”

“அப்ப உம் பட்டத்துல பாதி எனக்கு வரணும்.”

திரை ஆளை மறைக்கிறது, துண்டு விலையைத்தான் மறைக்கிறது என்று எழுதியிருந்தாள் அவள். ஆள் யாரென்று தெரியாதபோது நியாயமாக நடப்பதில் என்ன பெருமை? இன்னார்தான் என்று தெரிந்த பிறகும் கை உள்ளே வருகிறதா என்பதுதான் கேள்வி.

அதைப் பேராசிரியரிடமே கேட்கலாம் என்று எழப் போனாள். “இப்போது கேள்வி நேரம்” என்று மைக்கில் அறிவித்த தமிழழகன், அதே மூச்சில், “நேரமின்மை காரணமாகக் கேள்விகளை உணவு இடைவேளையில் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளும்படி அன்புடன் வேண்டுகிறோம்” என்றார். எல்லோரும் அன்புடன் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள்.

சின்ன வெங்காயச் சாம்பார் மணத்தது. மெய்யியலாளர்கள் காலையில் பேசாத பேச்சையெல்லாம் இலைக்கு முன்னால் பேசினார்கள். மலர்க்கொடி பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், கல்லூரி முதல்வர் டாக்டர் ஜெயசித்ரா பந்தியை விசாரித்துக்கொண்டு வந்தார். பிற்பகல் அமர்வுக்கு அவர்தான் தலைவர். ஓங்கிய உருவம், கணீர் குரல், யாரும் பசியோடு போகக்கூடாது என்கிற கவலை.

“நீங்கதானே மலர்க்கொடி? கட்டுரைய இன்னும் படிக்கலம்மா, தலைப்பைத்தான் பார்த்தேன். துண்டுன்னதும் எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு. எங்களுக்கு ஜெயங்கொண்டம் பக்கம். சின்ன வயசுல அப்பாகூட மாட்டுச் சந்தைக்குப் போவேன். விரல் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி, தெரியுமா?”

“அப்படிங்களா மேடம்.”

“ஆனா அப்பா சில பேர்கிட்டத் துண்டே போடமாட்டார். எதுக்கு ஒளிவு மறைவும்பார். வாயாலயே கணீர்னு வெலயச் சொல்லிடுவார். அவ்வளவு நேர்மை. இன்னும் ரசம் ஊத்தச் சொல்லவா?”

“சில பேர்கிட்டன்னா, யார்கிட்ட மேடம்?”

“தரகருங்ககிட்டத்தான்.”

“எல்லாத் தரகருங்ககிட்டயுமா?”

ஜெயசித்ரா பதில் சொல்ல வாயெடுத்தார். எங்கேயோ பார்த்தார். அதற்குள் யாரோ அமைச்சர் அலுவலகத்திலிருந்து போன் என்று அவரை அழைத்துக்கொண்டு போனார்கள்.

சாமிதுரை அப்பளத்தை நொறுக்கினார். “வானத்தப் பாத்து வெல சொல்லுற இளையபெருமாள் வூட்டுப் பொண்ணு. மூக்கு அப்பிடியே அவருதுதான்.”

“தெரியும்ப்பா. நீ சொன்ன ஊரும் இனிஷியலும் ஒத்துப்போச்சு.”

“அவரு பேரக் கட்டுரையில எழுதலியே நீ?”

“ஒருத்தர் பேரப் போட்டா மத்தவங்கல்லாம் தப்பிச்சுக்குவாங்க.”

சாமிதுரை மகளை ஒரு தரம் பார்த்தார், சுழி சுத்தமான கன்றைப் பார்க்கிற மாதிரி. பிறகு, “ரசம் நல்லாருக்கு” என்றார்.

கை கழுவும் இடத்தில் தமிழழகன் காத்திருந்தார்.

“மேடம், நேரம் ரொம்ப இடிக்குது. உங்க கட்டுரைய ‘வாசித்ததாகக் கொள்ளப்பட்டது’ன்னு போட்டுடலாம்னு குழுவுல முடிவாச்சு. சான்றிதழ் உண்டு, நினைவுப் பரிசு உண்டு, பொன்னாடை உண்டு. கருத்தரங்க மலர்லயும் வந்துடும், அந்த ரெண்டு மூணு சொல்லு தவிர.”

“சாப்பிட்டதாகக் கொள்ளப்பட்டதுன்னு உங்கள இலையிலேருந்து எழுப்பினா எழுந்திரிப்பீங்களா சார்?”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“மாட்ட ஓட்டிக்கிட்டுப் போறீங்க, கயித்த என் கையில குடுத்துட்டு நல்லதுக்குங்கிறீங்க. நான் வாசிக்கத்தான் வந்தேன் சார்.”

“பார்ப்போம் மேடம்.”

வியாபாரத்தில் ‘பார்ப்போம்’ என்றால் ‘மாட்டேன்’ என்று அர்த்தம். சொல்பவருக்கு அதைச் சொல்ல வெட்கம், அவ்வளவுதான். மலர்க்கொடிக்கு அது தெரியும். தாள்களை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிற்பகல் அமர்வு வேகமாக ஓடியது. செத்தவருக்குக் கொடுத்த வாக்கு நம்மைக் கட்டுமா என்று ஒருவர் கேட்டார்; செத்தவர் போலவே மெதுவாகக் கேட்டார். இன்னும் பிறக்காதவர்களுக்கு நாம் ஏதாவது தர வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். திருச்சியிலிருந்து வந்த லாவண்யா என்ற இளம் ஆய்வாளர், மௌனம் சம்மதமாகுமா என்று நல்ல கேள்வியாக எடுத்து, ஆகாது என்று நிறுவத் தொடங்கிய நேரத்தில், மேடை ஓரத்தில் நின்ற தமிழழகன் கையில் வைத்திருந்த பூசை மணியை அடித்தார். லாவண்யா வாயை மூடிக்கொண்டு, தாள்களை அடுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார். மௌனம் சம்மதம்தான் என்று நிரூபணமாகிவிட்டது.

ஜெயசித்ரா கையிலிருந்த சீட்டைப் படித்தார். “அடுத்து முனைவர் மலர்க்கொடி. நேரமின்மை காரணமாக அவருடைய கட்டுரை வாசித்ததாகக் கொள்ளப்படுகிறது. அவரைச் சிறப்பிக்க மேடைக்கு அழைக்கிறோம்.”

கைதட்டல். மலர்க்கொடி மேடையேறினாள். ரோஜா நிறத்தில் சரிகைக்கரை போட்ட பொன்னாடை, கவரின் வாசம்கூடப் போகாமல், அவள் தோளில் விழுந்தது. கேமரா விளக்கு மின்னியது. நினைவுப் பரிசை வாங்கி மேசை மேல் வைத்தாள். எல்லோரும் அவள் இறங்குவாள் என்று பார்த்தார்கள்.

அவள் பொன்னாடையைக் கழற்றினாள். ஒரு உதறு உதறினாள். வலது கை மேல் அதைப் போட்டு மூடி, ஜெயசித்ராவின் முன்னால் நீட்டினாள். சந்தையில் அப்பா நீட்டுவது எப்படியோ, அப்படி.

“மேடம், அழைப்பிதழ்ல எனக்குன்னு ஒரு நேரம் போட்டிருந்துச்சு. இப்ப இல்லங்கிறீங்க. பரவால்ல. நேரம் உங்ககிட்ட இருக்கு, வாங்க வந்தவ நான். எத்தனை நிமிஷம்னு பேசி முடிச்சுக்குவோம். கை குடுங்க.”

மேசை மைக் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது. முதலில் யாரோ களுக்கென்றார்கள், பிறகு அரங்கமே சிரித்தது. பெண்கள் துண்டு போட்டுப் பேரம் பேசி எந்தச் சந்தையும் பார்த்ததில்லை. கருத்தரங்கம் எங்கே பார்க்கப்போகிறது?

ஜெயசித்ராவும் சிரித்தார். நீட்டிய துண்டைப் பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் மேசையை விட்டு இறங்கி, மடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

“என்னம்மா நீ! சரி, வெச்சுக்க. அஞ்சு நிமிஷம்!” என்றார் கணீரென்று, மைக்கில்.

மலர்க்கொடி துண்டை இறக்கவில்லை. கை வரும், அல்லது திட்டு வரும் என்று இரண்டுக்கும் தயாராகத்தான் ஏறியிருந்தாள். மூன்றாவதாக ஒன்று வந்துவிட்டது. கடைசி வரிசையைப் பார்த்தாள். சாமிதுரை எழுந்து நின்றுகொண்டிருந்தார். அந்தக் குரல் அவருக்கு வேறு ஒரு இடத்தில் பழக்கம்.

“வாயால சொல்லாதீங்க மேடம். துண்டு இங்க இருக்கு.”

“பத்து நிமிஷம் எடுத்துக்கம்மா.”

“கை குடுங்க மேடம்.”

“பதினஞ்சு!” ஜெயசித்ராவின் குரல் உயர்ந்தது. அவர் கஞ்சம் பிடிப்பவர் அல்ல, இறைத்துக் கொடுப்பவர். “சரி, அழைப்பிதழ்ல போட்ட இருபதும் எடுத்துக்க. யாரு வேண்டாங்கிறா? இருபது நிமிஷம்!”

பெரிய கைதட்டல். தமிழழகன் ஓடிவந்து மைக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தார். காரியம் முடிந்தது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மலர்க்கொடி கேட்க வந்தது முழுதாகக் கிடைத்துவிட்டது.

“வேண்டாம் மேடம்” என்றாள் மலர்க்கொடி.

“அதான் முழுசாக் குடுத்துட்டாங்கல்ல!” என்று நடுவரிசையிலிருந்து ஒரு குரல்.

“வாசிம்மா, டீ ஆறிப்போவுது!” என்று இன்னொன்று.

“வெல கட்டுப்படியாவுது மேடம். கை வராததுதான் கட்டுப்படியாவல.”

துண்டு நீட்டியபடியே இருந்தது. முன்வரிசையில் மணிமாறன் எழுந்தார். இளகிய மனம். “நான் கொடுக்கிறேன் அம்மா” என்று மேடையேறி வந்து, துண்டுக்குள் கையை விட்டு, அவளுடைய ஐந்து விரல்களையும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். சந்தையாக இருந்தால் அந்தப் பிடிக்கு அவர் ஒரு ஜோடி காங்கேயம் காளையை ஓட்டிக்கொண்டு போகவேண்டி வந்திருக்கும்.

“சார், ரொம்ப நன்றிங்க” என்றாள் மலர்க்கொடி. “ஆனா மாடு உங்களுது இல்லீங்களே. நேரம் மேடம்கிட்ட இருக்கு. வேடிக்கை பாக்க வந்தவங்க கையப் புடிச்சு நான் என்ன பண்றது?”

பேராசிரியர் ஒரு கணம் விழித்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, “நியாயம்தான்” என்று சொல்லிப் போய் உட்கார்ந்தார். அன்று அந்த அரங்கத்தில் ஒரு மெய்யியலாளர் தன் கருத்தை மாற்றிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

மலர்க்கொடி மைக்கின் பக்கம் திரும்பினாள். துண்டு போட்ட கை திரும்பவில்லை.

“என் கட்டுரையோட முதல் பக்கம் இப்ப முடிஞ்சுதுங்க. அத நான் வாசிக்கல, மேடம்தான் வாசிச்சாங்க. சந்தையில ஒரு தரகர் இருந்தாரு. அவரு துண்ட நீட்டினா சில பேரு கை வராது, வாய்தான் வரும். வானத்தப் பாத்து வெலயச் சொல்லுவாங்க. சில நாள் நல்ல வெலயாக்கூட இருக்கும். மத்தவங்களுக்குக் கெடைக்கிறதவிட நல்ல வெலயா இருக்கும். ஆனா அது பேரம் இல்லீங்க. குடுக்கறது. குடுக்கறவங்க நெனச்சா நிறுத்திக்கலாம், மத்தியானம் எனக்கு நிறுத்தின மாதிரி. எனக்கு இருபது நிமிஷம் வேண்டாம். பேசி முடிச்சது ரெண்டு நிமிஷமா இருந்தாலும் அது என்னுது.”

தமிழழகன் மைக்கின் கம்பியைத் தேடினார். ஜெயசித்ரா அவரைப் பார்த்துத் தலையை அசைத்தார், அவர் நின்றுவிட்டார்.

மலர்க்கொடியின் தோள் வலிக்கத் தொடங்கியது. கையை இறக்கினால் எல்லாம் முடிந்தது. நினைவுப் பரிசை எடுத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறிவிடலாம், முன்னால் போகும் சிமெண்ட் லாரியின் புழுதியைத் தின்றுகொண்டே. இறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். அப்பா எத்தனை சந்தையில் இந்தக் கையை நீட்டிவிட்டுத் தானே மடக்கிக்கொண்டிருப்பார்? இன்று மடக்குவதில்லை. பூட்டிவிட்டுப் போகட்டும் அரங்கத்தை; இப்படியே நிற்பாள்.

ஜெயசித்ராவின் கண் கடைசி வரிசைக்குப் போனது. அங்கே ஒரு மனிதர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் பேராசிரியர் அட்டை, தோளில் துண்டு. ஜெயசித்ரா அவரையே பார்த்தார். உதடுகள் அசைந்தன. பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மலர்க்கொடிக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார். கணீர் குரல் எங்கோ போயிருந்தது.

“அவருதான் உங்கப்பாவா?”

“ஆமாங்க.”

“மத்தத் தரகருங்க வந்தா எங்கப்பா துண்டு போட்டுத்தான் பேசுவாரு. சாப்பிடுறப்ப நீ கேட்டியே, அப்பலேர்ந்து அதான் ஓடிக்கிட்டிருக்கு.” மறுபடி கடைசி வரிசையைப் பார்த்தார். “இத்தனை நாளா நேர்மைன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்.”

“தெரியும் மேடம்.”

“இப்ப நானும் அதையேதான் செஞ்சேன். அதே மாதிரி. எனக்கே என் குரல் கேட்டுச்சு.”

பரவாயில்லை என்று சொல்ல மலர்க்கொடிக்கு வாய் வரவில்லை. பரவாயில்லை என்பது உண்மையும் இல்லை. துண்டை இன்னும் ஒரு விரற்கடை முன்னால் நீட்டினாள்.

ஜெயசித்ராவின் கை மடியை விட்டு எழுந்தது. மேசையைத் தாண்டியது. பொன்னாடைக்குள் வந்தது.

ஏசியில் சில்லிட்டுப் போன கை. ஒரு விரலில் மோதிரம் இடித்தது. கொஞ்ச நேரம் அது என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா இருந்தது. பிறகு மலர்க்கொடியின் விரல்களைத் தேடிப் பிடித்தது. விலை சொன்னது.

மலர்க்கொடி அதை உதறிவிட்டு, வேறு விரலைப் பிடித்தாள். ஜெயசித்ராவின் புருவம் லேசாக ஏறியது. அவ்வளவுதான், முகம் கல்லாகிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கணுவில் அழுத்தம். இந்தப் பக்கத்திலிருந்து மறுப்பு. மறுபடி அந்தப் பக்கம். ஜெயசித்ரா சந்தைக்கு அப்பாவோடு போனவர். அவள் சந்தையை வீட்டிலேயே வைத்து வளர்ந்தவள். இரண்டு பேருமே லேசில் விடுகிற ஆட்கள் இல்லை. ரோஜா நிறப் பொன்னாடை குலுங்கியது, நின்றது, மறுபடி குலுங்கியது. முன்வரிசை எட்டி எட்டிப் பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை.

கடைசியாக இரண்டு கைகளும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்து, விட்டன. முடிந்தது.

மலர்க்கொடி பொன்னாடையை உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டாள், போர்த்திக்கொள்ளாமல், துண்டு போடுகிற மாதிரி. மைக்கின் முன்னால் தாள்களை விரித்தாள்.

தமிழழகன் பூசை மணியோடு ஜெயசித்ராவிடம் குனிந்தார். “மேடம், எத்தனைக்கு முடிஞ்சுது? மணி எப்ப அடிக்கணும்?”

“அது எங்க ரெண்டு பேருக்குள்ள” என்றார் ஜெயசித்ரா.

“அப்ப நான் எப்படி மேடம்...”

“நீங்க உக்காருங்க.”

கடைசி வரிசையில் பக்கத்து இருக்கைக்காரர் சாமிதுரையின் சட்டையை இழுத்து ஏதோ கேட்பது மேடையிலிருந்து தெரிந்தது. சாமிதுரை உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அப்போதுதான் உட்கார்ந்தார்.

மலர்க்கொடி வாசிக்கத் தொடங்கினாள். தமிழழகன் உட்காரவும் மனமில்லாமல், அடிக்கவும் நேரம் தெரியாமல், மணியின் நாக்கைப் பிடித்தபடி நின்றார். முதல் பத்தி முடிந்தது. இரண்டாவது பத்தியில் காலனி, ஊர்த்தெரு என்ற இரண்டு சொற்களும் வருகிற இடத்தில், அவள் ஒரு நொடி நிறுத்தினாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி, கணீரென்று, அவற்றை வாயால் சொன்னாள்.